ஏழாம் நம்பர் அறைக்குக் கஸ்டர்ட்

மூக்கை நிமிர்த்திக்கொள்ளவும் தாடையை இழுத்துக் கட்டிக்கொள்ளவும் நாடு விட்டு நாடு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால் அறுத்த கையோடு ஊர் திரும்ப முடியாது. தலையெல்லாம் கட்டோடு விமானத்தில் ஏறினால் பக்கத்து சீட்டுக் குழந்தை வீறிட்டுக் கத்தும். தையல் பிரிக்கும்வரை எங்கேயாவது பதுங்கியாக வேண்டும். அப்படிப் பதுங்குவதற்கென்றே அந்த ஊரில் ஒரு வீடு இருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு அறை, மாடிக்கு ஒரு நர்ஸ். எந்த அறையிலும் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. வீக்கம் வடியுமுன் பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்று பெரிய நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டாள். தங்குகிறவர்களுக்குப் பெயரும் கிடையாது, அறை நம்பர்தான்.

கீழ்த்தளத்துச் சமையலறையில்தான் நம் புட்டிங்காரி இருந்தாள். நர்ஸுகள் வைத்த பட்டப்பெயர் அது. மெல்லக்கூடாதவர்களுக்கு மெல்லாமல் இறங்குகிற பண்டம் செய்வது அவள் வேலை. கஸ்டர்ட், ஜெல்லி, புட்டிங், பழக்கூழ். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் எந்நேரமும் ஒரு சல்லடை. கஸ்டர்டில் ஒரு கட்டி இருந்தால் அன்றைக்கெல்லாம் அவளுக்குத் தூக்கம் வராது. ஸ்கூல் விட்டதும் பத்து வயசு மகள் வாண்டு நேராக அங்கேதான் வருவாள். ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள், முடிந்ததும் ஜெல்லிக் கப்புகளை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் கண்களைக் கண்டு அவள் பயந்ததே இல்லை.

வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன், குறை சொல்ல முடியாது. அக்கா வாயைத் திறந்தால் மட்டும் தலையாட்டிப் பொம்மை. பெண்டாட்டி சமையல் வேலை பார்க்கிறாள் என்றால் அக்கா என்ன நினைப்பாளோ என்று, 'பெரிய ஆஸ்பத்திரியில ஊட்டச்சத்து அதிகாரியா இருக்கா' என்று எப்போதோ சொல்லிவைத்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அது எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள்.

அக்கா என்றால் புட்டிங்காரிக்கு நாத்தனார். வயசு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து, ஹெட்மிஸ்ட்ரஸாகி, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். பிள்ளை கிடையாது. கணவர் போய் நாலு வருஷம். ஓய்வு வாங்கினது பள்ளிக்கூடத்திலிருந்துதான், அதிகாரம் செய்வதிலிருந்து இல்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் சொந்த ஊரிலிருந்து போனில் முகத்தைக் காட்டி, "குழந்தையை என்கிட்ட அனுப்பிரு. நீங்க ரெண்டு பேரும் வேலை வேலைன்னு ஓடுறீங்க, அது கழுத்துல சாவியை மாட்டிக்கிட்டுத் திரியுது. நான் ஆளாக்கிக் காட்டுறேன்" என்றாள்.

"சரிக்கா," என்றார் வீட்டுக்காரர்.

"சரி அண்ணி," என்றாள் புட்டிங்காரி.

ஏன் சரி என்றாள்? அது அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நாத்தனார் என்ன சொன்னாலும் வாய் தானாகச் 'சரி அண்ணி' என்று சொல்லிவிடுகிறது. போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? டிக்கெட் போட்டாயிற்று, பெட்டியும் வாங்கியாயிற்று. வாண்டு கிளம்ப இன்னும் பத்தே நாள் என்றபோதுதான் ஏழாம் நம்பர் அறைக்கு ஆள் வந்தது.

"தாடையும் கழுத்தும். ஏழு நாள் பேசக்கூடாது, மெல்லக்கூடாது, சிரிக்கவே கூடாது. சிரிச்சா தையல் போயிரும்," என்று பெரிய நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

புட்டிங்காரி தட்டோடு உள்ளே போனாள். கட்டிலில் ஒரு வெள்ளைப் பொட்டலம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தலையைச் சுற்றி, தாடையைச் சுற்றி, கழுத்தைச் சுற்றிக் கட்டு. தெரிந்தது வீங்கிப்போன இரண்டு கண்ணும், உதட்டுக்கு விட்ட சந்தும்தான். வழக்கம்போல அந்த ஊர்ப் பாஷையில் முணுமுணுப்பாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, கட்டிலின் கால்பக்கம் இருந்த சின்ன மேஜையை இழுக்கக் குனிந்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டைவிரலைவிட நீளமான இரண்டாம் விரல். இடது கணுக்காலில் மிளகு அளவு மச்சம். வலது குதிகாலில் பழைய வெட்டுத் தழும்பு. கல்யாணத்தில் விழுந்து கும்பிட்டது, வளைகாப்பில் விழுந்தது, ஊருக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. நாத்தனாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததைவிட அந்தக் காலைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். உலகத்தில் எந்த மூலையில் எந்தப் போர்வைக்குள்ளிருந்து நீட்டினாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

தோழிகளோடு பதினைந்து நாள் டூர், சிக்னல் கிடைக்காது, யாரும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போன நாத்தனார்! டூரா இது? முக ஆபரேஷனுக்குப் பேர்போன ஊர் இதுதான் என்று வந்திருக்கிறாள். தம்பி பெண்டாட்டிதான் பெரிய ஆஸ்பத்திரியில் அதிகாரி ஆயிற்றே, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சின்ன கிளினிக்காகப் பார்த்து அறுத்துக்கொண்டு, ஒதுக்குப்புறமாக இந்த வீட்டைத் தேடி வந்து பதுங்கியிருக்கிறாள். தம்பி சொன்ன பொய்யை நம்பி, அந்தப் பொய்யின் மடியிலேயே வந்து விழுந்துவிட்டாள்.

புட்டிங்காரிக்கு உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, "பார்த்தா நம்ம பக்கம் மாதிரி இருக்கு. தமிழ் தெரியுமாங்க?" என்று தமிழிலேயே கேட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் பொட்டலத்துக்குள் இருந்த கண் இரண்டும் பெரிதாக விரிந்தன. பிறகு தலை இடமும் வலமும் பலமாக ஆடியது. தெரியாது. சுத்தமாகத் தெரியாது.

"தெரியாதா? அப்பாடா, என் வயித்துல பாலை வார்த்தீங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த ஊர்ல தமிழ்ல பேச ஆளில்லாம நாக்கு செத்துப்போச்சு. உங்களுக்குப் புரியாது, எனக்கும் மனசு லேசாகும். ஆ காட்டுங்க. எங்க வீட்டுல ஒரு நாத்தனார் இருக்காங்க பாருங்க..."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வாயை அடக்க முடியாமல் வாண்டிடம் சொல்லிவிட்டாள். "ஏழாம் நம்பர்ல இருக்கிறது உங்க அத்தை. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. நீ அந்தப் பக்கமே போகக்கூடாது. அப்பாகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"சத்தியமா," என்றாள் வாண்டு. கண்ணில் ஒரு பளபளப்பு. அதைப் புட்டிங்காரி கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழாம் நம்பரிலிருந்து தட்டோடு ஒரு சீட்டு வந்தது. எல்லோருக்கும் புரிகிற பாஷையில், எல்லா எழுத்தும் கோடு போட்டதுபோல நேராக: 'கஸ்டர்டில் ஒரு கட்டி இருந்தது. வடிகட்டவும்.' வாயைக் கட்டிப் போட்டால்கூடக் குற்றம் கண்டுபிடிக்கிறாளே மகராசி! புட்டிங்காரி மூன்று தடவை வடிகட்டினாள். நாலாவது தடவை வீம்புக்கு வடிகட்டினாள். எடுத்துக்கொண்டு போய், பொட்டலத்தின் கழுத்தில் குழந்தைகளுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு துண்டைக் கட்டினாள்.

"எங்க நாத்தனாரும் இப்படித்தாங்க, எதைச் செஞ்சாலும் ஒரு நொட்டை சொல்லணும். குழந்தை பிறந்தப்ப மூணு நாள் உதவிக்கு வந்தாங்க. வந்த அன்னைக்கே என் அடுக்களை டப்பா எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கிட்டாங்க. உப்பு எங்கேன்னு தேடி எனக்குக் கண்ணே இருட்டிருச்சு. ஆ காட்டுங்க. கேட்டா, 'உ எங்க வரும்னு தெரியாதா, அஞ்சாவது டப்பா'ங்குறாங்க. பச்சை உடம்புக்காரி, தப்புத் தப்பா எண்ணிட்டு நிக்கிறேன்!"

பொட்டலம் அசையவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டாம் விரல் விறைத்துக்கொண்டு நின்றது.

இப்படியே காலையில் ஒரு கதை, மத்தியானம் ஒரு கதை. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஏழு நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பியதைச் சொன்னாள். அதே குரலில் நடித்தும் காட்டினாள். "முதலில் வலது காது. பிறகு இடது காது. இரண்டையும் ஒரே நேரத்தில் அல்ல!" மூன்றாம் நாள், நாத்தனார் விமான நிலையத்தில் வரிசையில் முந்திப்போன ஒரு ஆளை, அவன் யார் எந்த நாடு என்றுகூடப் பார்க்காமல், காதைப் பிடித்து வரிசைக் கடைசிக்குக் கொண்டுபோய் விட்ட கதையைச் சொன்னாள். அவன் பயந்துபோய் "சாரி மிஸ்" என்றானாம்.

கட்டிலில் ஏதோ குலுங்கியது. பொட்டலம் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகியது. முழங்கை பட்டுக் கட்டிலோரத்து அழைப்பு மணி அடித்தது, பெரிய நர்ஸ் ஓடிவந்தாள். "சிரிக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று அதட்டினாள்.

"எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குத்தான் என் பாஷையே தெரியாதே," என்று புட்டிங்காரி அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். மாஸ்க் எதற்கு இருக்கிறது!

ஆனாலும் படி இறங்கும்போது ஒரு யோசனை. தன்னைப் பற்றின கதைக்குத் தானே சிரிக்கிறாளா அந்த அம்மா?

ஐந்தாம் நாள் கதை சரக்கு தீர்ந்துபோனது. மாம்பழக் கூழைக் கரண்டியில் எடுத்துப் பிடித்தாள். பிறகு அவளை அறியாமல் வந்தது.

"என் பொண்ணைக் கேக்குறாங்க," என்றாள். "நல்லா வளக்கணும்னு கேக்குறாங்க, கெட்ட எண்ணம் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அவ ஸ்கூல் விட்டு வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து கணக்குப் போடுறப்பதாங்க எனக்கு அன்னைக்குப் பொழுதே விடியுது. அவ இல்லாத சமையக்கட்டுல நான் யாருக்குங்க இனிப்பு செய்வேன்? இதை அவங்ககிட்ட சொல்லத் தைரியமில்ல. அவங்க முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் கட்டிக்குது."

கூழ் துண்டில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணுக்குக் கீழே கட்டுத்துணி நனைந்திருந்தது. மனசைத் தொட்டுவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டிய நேரம் அது. அவளுக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. துண்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம், ஸ்கூல் டயரியில் கையெழுத்துப் போட வாண்டின் பையைத் திறந்தாள். டயரிக்கு அடியில் ஒரு நோட்டு. உள்ளே பென்சிலால் தமிழ் எழுத்து, ஒவ்வொன்றும் குண்டுகுண்டாக, எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு எழுதினதுபோல. எல்லா எழுத்தும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றன. ஏழாம் நம்பர்ச் சீட்டில் பார்த்த அதே கையெழுத்து. அடுப்பை அணைத்துவிட்டு வாசித்தாள்.

'கத்தாதே. நான்தான், அத்தை. அம்மாவிடம் சொல்லாதே.'

'டூர் இல்லை. பொய் சொன்னேன். தப்புதான்.'

'ஆமாம், வலிக்கிறது. உன்னை ஸ்கூலில் விட வரும்போது, பாட்டியா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. அதற்காகத்தான்.'

'வீட்டுப்பாடம் யார் சொல்லித் தருகிறார்கள்? அம்மாவா? கஸ்டர்ட் கிண்டிக்கொண்டேவா?'

'ஏழாம் வாய்ப்பாடு சொல்லு.'

'சரியாகத்தான் சொல்கிறாய்.'

வாண்டு வாயால் பதில் சொல்லியிருக்கிறாள், அத்தை எழுத்தால் கேட்டிருக்கிறாள். பாதிப் பேச்சுத்தான் நோட்டில் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

'என்ன, அம்மாவுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து?'

'காலைப் பார்த்தா!!'

'அடிப்பாவி. அப்படியானால் வேண்டுமென்றேதான் பேசுகிறாளா?'

'நீயும் சிரிக்க வைக்காதே. நர்ஸ் திட்டுகிறாள்.'

'எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. பேசட்டும். முப்பது வருஷமாக எல்லோரும் என்னிடம் எஸ் மேடம்தான் சொன்னார்கள். மாமா போன பிறகு அதுவும் இல்லை. என்னிடம் யாரும் இவ்வளவு பேசினதே இல்லை.'

புட்டிங்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காது இரண்டும் சுட்டது. ஆட்டி வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து நாளாக அவள் ஆடின ஆட்டத்தை, கட்டுக்குள்ளிருந்து ஒருத்தி டிக்கெட் வாங்காமல் ரசித்திருக்கிறாள்! கோபப்படலாமா என்றால், கடைசி வரி கோபப்பட விடவில்லை. இன்னொரு பக்கம் இருந்தது.

'என்கூட வர உனக்கு இஷ்டமா? உண்மையைச் சொல்லு.'

அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?" என்று வாண்டைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

வாண்டு காலை மாற்றி மாற்றி நின்றாள். "ஒண்ணும் சொல்லலம்மா. அத்தையும் பாவமா இருந்தாங்க, நீயும் பாவமா இருந்த. நான் ஜெல்லி கப்பை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"சத்தியம் பண்ணினியேடி!"

"உன்கிட்டயும் பண்ணினேன், அத்தைகிட்டயும் பண்ணினேன். யாருக்குன்னு பார்க்குறது?" என்று எதிர்க்கேள்வி போட்டது அது. அத்தை ஆளாக்க வேண்டிய அவசியமே இல்லாத பிள்ளை.

மறுநாள் கட்டுப் பிரிக்கிற நாள். இன்றைக்கு நேருக்கு நேராகப் பேசிவிடுவது, மன்னிப்பும் கேட்பது, மாட்டேன் என்றும் சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சி, முட்டையை அடித்து, இதுவரை செய்யாத பதத்தில் ஒரு கஸ்டர்ட் செய்து எடுத்துக்கொண்டு போனால், ஏழாம் நம்பர் அறையில் ஆளில்லை. படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"காலையிலேயே பிரிச்சாச்சு. கார் வரவழைச்சுக் கிளம்பிட்டாங்க," என்றாள் பெரிய நர்ஸ்.

"ஏர்போர்ட்டுக்கா?"

"இல்லையே, யாரோ தம்பி வீடுன்னு சொன்னாங்க."

புட்டிங்காரி தட்டை அங்கேயே வைத்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸைப் பிடித்தாள். அன்றைக்கு வீட்டுக்காரருக்கு வார விடுமுறை. ஸ்கூலுக்கும் விடுமுறை, வாண்டும் வீட்டில்தான். பெட்டியும் தயார். இன்னும் மூன்று நாளில் தனியாகப் போக வேண்டிய பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள், வேறு எதற்கு? பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று அவள் உயிரை வாங்கியது.

கதவைத் திறந்தால் கூடத்துச் சோபாவில் நாத்தனார். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, கன்னத்தில் பவுடர் போட்டு மறைத்த மஞ்சள் நீலம். தாடை என்னவோ கத்தி போலத்தான் இருந்தது. பக்கத்தில் வாண்டின் புதுப் பெட்டி. அதன் கைப்பிடியில் நாத்தனாரின் கை. வாண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பாரு யாரு வந்திருக்கான்னு!" என்றார் வீட்டுக்காரர், வாயெல்லாம் பல். "டூர் முடிஞ்சு நேரா இங்க வந்துட்டாளாம். ஊரு ஊரா சுத்துனதுல இளைச்சிட்டா, பாவம். குழந்தையைத் தனியா அனுப்பணுமேன்னு கவலைப்பட்டோமே, இப்ப அக்காவே கூட்டிட்டுப் போயிருவா. நல்லதாப் போச்சு, இல்ல?"

புட்டிங்காரி வாயைத் திறந்தாள். ராத்திரி ஒத்திகை பார்த்ததில் ஒரு எழுத்துகூட வரவில்லை. பழைய வார்த்தைதான், பன்னிரண்டு வருஷத்து வார்த்தை, நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது.

"என்ன?" என்றாள் நாத்தனார். உதடு அதிகம் அசையாமல் பேசினாள், ஆனாலும் அதே ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். "ஒரு வாரமா வாய் ஓயாம பேசுனியே. கட்டுப் போட்டவகிட்ட பேசத் தெரிஞ்சுது. இப்ப என் முகத்தைப் பார்த்துப் பேசு."

"கட்டா? யாருக்குக் கட்டு? நீங்க ரெண்டு பேரும் எப்ப பேசுனீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் புட்டிங்காரியும், அதே மூச்சில். சொன்ன பிறகுதான் தன் குரல் எழும்பிவிட்டது அவளுக்கே தெரிந்தது. எழும்பினது எழும்பினதாக இருக்கட்டும் என்று நிமிர்ந்தாள். நாத்தனாரின் புதுத் தாடையையும் பழைய கண்ணையும் நேராகப் பார்த்தாள். ஏப்ரனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அனுப்ப மாட்டேன் அண்ணி. என் பொண்ணு என்கூடத்தான் இருப்பா."

நாத்தனார் பெட்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானே?" என்றாள். "இதை மூணு மாசத்துக்கு முன்னாடி அந்த போன்லயே சொல்லியிருந்தா, நான் எதுக்குடி இந்த மூஞ்சியை அறுத்துக்கப் போறேன்?"

வீட்டுக்காரர் அப்போதுதான் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.